கசப்பேரியில் ஐந்து நிமிஷம்

உவர்விளையில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்துகொள்ள யாரும் மண்ணை அள்ளித் தூவிப் பார்ப்பதில்லை, மரத்தைப் பார்ப்பதில்லை, பார்ப்பதற்கு அங்கே உடைமரத்தை விட்டால் வேறு மரமும் இல்லை. கசப்பேரிக் கரையில் ஏறி நின்று, நடு ஏரியில் மல்லாந்து மிதக்கிற தங்கப்பழத்தின் கால் எந்தத் திசையில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால் போதும். கால் மேற்கே இருந்தால் கீழ்க்காற்றான கொண்டல் வீசுகிறது; கால் கிழக்கே திரும்பினால் மேல்காற்றான கச்சான் தொடங்கிவிட்டது, இனி உப்பு மளமளவென்று விளையும்; கால் தெற்கே வந்துவிட்டால் வாடை, மழை வரப்போகிறது, உப்பு அம்பாரத்துக்கு ஓலை போட்டு மூடு. பதினோரு வருஷமாக அவன் கால் ஒருதடவைகூடப் பொய் சொன்னதில்லை. வீட்டில் இருந்த காலத்தில் அவன் வாய் அப்படி இருந்ததில்லை என்பது அவன் பெண்டாட்டி பேச்சிக்கனியின் வருத்தம்.

கசப்பேரி கடவுள் கொடுத்த ஏரி அல்ல, உவர்விளைக்காரர்களே ஊற்றி ஊற்றிச் சேர்த்தது. பாத்தியில் உப்பு வாரிய பிறகு மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரை ஊருக்குக் கிழக்கே இருந்த பள்ளத்தில் திறந்துவிட்டார்கள். அறுபது வருஷம் திறந்துவிட்டதில் பள்ளம் ஏரியாகி, கடலுக்கும் அதற்கும் நடுவில் மணல்மேடு அடைத்துக்கொண்டதால் போக வழியில்லாமல், வெயிலில் வற்றி வற்றிக் கஞ்சி மாதிரி கெட்டியாகி நின்றது. உப்புச் செறிவில் கடல் தண்ணீர் மூன்று டிகிரி, உப்பு விளைகிற தண்ணீர் இருபத்தைந்து டிகிரி என்று உவர்விளையில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். கசப்பேரியில் டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழலைப் போட்டால் அது முங்க மாட்டேன் என்று படுத்துக்கொண்டது. கல்லைப் போட்டால்கூட சற்று யோசித்துவிட்டுத்தான் இறங்கும். அதில் யாரும் குளித்ததில்லை. விடிந்ததிலிருந்து உப்புத் தண்ணீரில் கால் ஊற நிற்கிறவர்களுக்கு, இன்னும் கொஞ்சம் உப்புத் தண்ணீரில் போய் விழவேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வரும்?

தங்கப்பழத்துக்கு வந்தது. கிடைத்த இடத்தில் உடம்பைச் சாய்க்கிற மனுஷன் அவன், லாரியில் அடுக்கிய உப்பு மூட்டை மேலும் படுப்பான், கல்யாணப் பந்தலில் பந்தி நடக்கும்போதே இலைக்கட்டுக்குப் பக்கத்திலும் படுப்பான். மகள் மாரிச்செல்விக்கு அப்போது எட்டு வயது. மூன்று நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டை அவன் சட்டைப்பையில் செருகி, "கடை அடைக்கதுக்கு முன்னால ஓடிப் போயி வாங்கிட்டு வாங்க" என்று பேச்சிக்கனி துரத்திவிட்டாள். அவன் ஏரிக்கரை வழியாகக் குறுக்கே போனான். புரட்டாசி வெயில் தலையில் ஆணி அடித்தது. கரையில் உப்பு சுரண்டிக்கொண்டிருந்த ராசக்கிளியிடம், "ஒடம்பெல்லாம் ஒரே காந்தல் மதினி. அஞ்சு நிமிசம் படுத்துட்டு வாரேன், பேச்சி கேட்டா சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு, சட்டையோடு தண்ணீரில் இறங்கி மல்லாந்தான். ஏரி அவனை ஏந்திக்கொண்டது. அந்த ஐந்து நிமிஷம் இன்னும் முடியவில்லை.

முதல் மாதம் ஊர் சும்மா இருக்கவில்லை. மீனவர் குப்பத்திலிருந்து கடலில் எட்டு மைல் நீந்துகிற ஒருவரைக் கூட்டிவந்தார்கள்; அவர் குப்புறப் பாய்ந்தார், ஏரி அவர் காலை மேலே தூக்கி முகத்தை உள்ளே அமுக்கியது, கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகி மூன்று நாள் பார்வை இல்லாமல் கிடந்தார். கட்டுமரம் விட்டார்கள், அது தண்ணீருக்குள் கொஞ்சமும் அமிழாமல் மேலேயே வழுக்கிப் பக்கவாட்டில் புரண்டது. கயிற்றை வீசினார்கள், தேங்காய் நார்க் கயிறு ஒரே வெயிலில் உப்பு ஏறிக் கம்பியாகி மளுக்கென்று ஒடிந்தது. கூப்பிட்டார்கள், தகரத்தைத் தட்டினார்கள், கோயில் கொடைக்கு வந்த மேளத்தைக் கரையில் நிறுத்தி ஒரு நாள் முழுக்க அடித்தார்கள். அவன் நெஞ்சு ஏறி இறங்கியது தெரிந்ததே தவிர கண்ணைத் திறக்கவில்லை. ஆணி அடித்ததுபோல நடு ஏரியிலேயே, திசை மட்டும் திரும்பிக்கொண்டு கிடந்தான்.

பிறகு பழகிவிட்டது. சாப்பிடாமல் எப்படி இருக்கிறான் என்று கேட்ட வெளியூர்க்காரர்களிடம், "உப்புல கெடக்க நார்த்தங்கா கெட்டாப் போவுது?" என்று சொல்லிவிட்டு ஊர் தன் வேலையைப் பார்த்தது. ரேஷன் கடையில் அவன் பெயரை அடிக்கவும் முடியவில்லை, அவன் பங்குச் சர்க்கரையைக் கொடுக்கவும் மனசில்லை. பாதிச் சர்க்கரை கொடுத்தார்கள். கணக்கெடுக்க வந்தவர் கரையில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "உயிருடன் உள்ளார், வெளியூர்" என்று எழுதிக்கொண்டு போனார். பெரிய சிக்கல் புது உப்பு எடுக்கிற நாளில்தான் வந்தது. வருஷத்தின் முதல் உப்பைக் குவித்து, மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, முதல் கூடையைப் புருஷன் உயிரோடு இருக்கிற பெண் ஒருத்தி தூக்குவது வழக்கம். கைம்பெண்கள் கடைசிக் கூடை. பேச்சிக்கனி எந்தக் கூடை என்று இரண்டு மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, இரண்டாம் கூடை என்று தீர்த்தார்கள். பதினோரு வருஷமாக அவள் இரண்டாம் கூடைக்காரி.

அவளுக்கு அது பிடிக்கவேயில்லை. ஒன்று முதலாவது தூக்க வேண்டும், இல்லை கடைசியில் நின்று அழ வேண்டும், இரண்டுக்கும் நடுவில் குங்குமத்தைப் பாதி நெற்றியில் வைத்ததுபோல இது என்ன பிழைப்பு? அன்றைக்கு ராசக்கிளி ஓடிப்போய் டாக்டரிடம் வேறு சீட்டு எழுதவைத்து மருந்தை வாங்கிவந்தாள், பிள்ளை பிழைத்தாள். ஆனால் பேச்சிக்கனி போட வேண்டிய சண்டை அப்படியே தொண்டையில் நின்றது. முதல் வருஷம் சாயங்காலந்தோறும் கரையில் நின்று அழுதாள். அப்புறம் ஊர்ச்சேதி சொன்னாள். அப்புறம் திட்டினாள். தலைச்சுமையாக உப்புக் கூடையைத் தூக்கித் தூக்கி அவள் உச்சிமுடி தேய்ந்தது, கழுத்து எலும்பு ஒருபக்கமாக இறங்கியது, குதிகால் பிளந்தது. அவன் போனபோது அவளைவிட மூன்று வயது மூத்தவன், இப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று, அவன் அதே முப்பத்தைந்தில் கிடந்தான். எதற்காகவும் இல்லாவிட்டாலும் இதற்காகவாவது அவனை எழுப்பி ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று நினைத்தாள். ஆசையும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

இந்த வருஷம் ஆவணி பிறந்த அன்று, உப்பளத்துக் கணக்கப்பிள்ளையும் ஊர்ப் பெரியவருமான அருமைநாயகம் பாத்தி வரப்பில் நடந்து அவளிடம் வந்தார். கையில் குடையை விரிக்காமலே வைத்திருந்தார்.

"பேச்சி, ஊர்க் கெணத்துல கசப்பு ஏறிட்டு. பிள்ளையளுக்கு வயித்தால போவுது, நீயும் பாத்திருப்ப. மணல்மேட்ட வெட்டி ஏரியக் கடலோட சேத்தாத்தான் ஊரு பொழைக்கும்னு சொல்லிட்டாவ. இன்னையிலருந்து இருபதாம் நாளு, வெள்ளிக்கெழம காலையில வெட்டு."

"வெட்டுனா, அவரு?"

"கடல் தண்ணி மூணு டிகிரி. ஒனக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. இருபத்தைந்து டிகிரியைத் தாண்டிய தண்ணீர் தாங்குகிறதை மூன்று டிகிரித் தண்ணீர் தாங்காது. அவன் இறங்கிவிடுவான்.

"சனிக்கெழம காரியத்த வச்சுக்கிடலாம்மா. ஊரே எடுத்துச் செய்யும். ஒனக்கும் ஒரு முடிவு தெரிஞ்சமாதிரி இருக்கும்லா" என்றார் அருமைநாயகம். நல்ல மனுஷர், நிஜமாகவே கண் கலங்கியிருந்தார்.

பேச்சிக்கனி கூடையை இறக்கிவைத்தாள். "இன்னும் பத்தொம்பது நாளு முழுசாக் கெடக்குல்லா அண்ணாச்சி?"

"கெடக்கு."

"அப்போ சனிக்கெழமைய வேற எதுக்காச்சும் வச்சுக்கிடுங்க. நான் போயி அவரக் கூட்டிட்டு வாரேன்."

வீட்டில் மாரிச்செல்வி, இப்போது பத்தொன்பது வயது, அம்மாவை முறைத்தாள். "எம்மா, ஒனக்கு நீச்சல் தெரியுமா?"

"அந்த மனுசனுக்கு மட்டும் தெரியுமாக்கும்? பதினோரு வருசமா மிதக்காருல்லா?"



மறுநாளே பேச்சிக்கனி சேலையைக் கச்சமாகக் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினாள். முழங்கால்வரை அவளுக்குத் தெரிந்த தண்ணீர். தொடைக்கு மேல் அது தண்ணீராகவே இல்லை, யாரோ கீழேயிருந்து இரண்டு கையாலும் தள்ளி "ஏறு, ஏறு" என்பதுபோல இருந்தது. கால் தரையை விட்டு எழும்பியதும் பயந்து குப்புற விழுந்தாள். மூக்கிலும் கண்ணிலும் நெருப்பு. ராசக்கிளி இழுத்துப் போட்டு, குடிதண்ணீர்க் குடத்தை முகத்தில் கவிழ்த்தாள். "ஏளா, இது தேவையா ஒனக்கு? எட்டு மைல் நீந்துனவனையே பொரட்டிப் போட்ட ஏரி!"

"அந்த ஆளு அவசரக்காரரு. அவசரப்பட்டா பாத்தியில உப்பு விளையுமா, சொல்லு" என்றாள் பேச்சிக்கனி, கண்ணைத் திறக்க முடியாமல்.

இரண்டாம் தடவை குதிகால் பிளவில் உப்பு ஏறி உயிர் போனது. நான்கு நாள் வேலைக்குப் போகாமல் காலைத் தூக்கிவைத்துப் புண்ணை ஆற்றி, மெழுகுவத்தியை உருக்கிப் பிளவுகளில் ஊற்றி அடைத்தாள். மூன்றாம் தடவை அவள் பாயவும் இல்லை, குனியவும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் திரும்பி நின்று, பஸ்ஸில் இடம் கிடைத்தவளைப் போலப் பின்னால் உட்கார்ந்தாள். ஏரி இருக்கை போட்டது. தலையைச் சாய்த்தாள், கால் தானாக மேலே வந்தது. வானம் தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைத் திறந்தால் கசப்பு உள்ளே போய்விடும் என்று மூக்காலேயே சிரித்தாள். அதன் பிறகு உப்பு வாருகிற பலகையைத் துடுப்பாக வைத்துத் தள்ளப் பழகினாள். மல்லாந்து போகிறவளுக்குப் போகிற இடம் தெரியாது, விட்டுவந்த இடம்தான் தெரியும். அதனால் கரையில் இருந்த பெரிய உப்பு அம்பாரம் தன் இரண்டு பெருவிரல்களுக்கும் நடுவில் தெரிகிறபடி பார்த்துக்கொண்டால் நேராகப் போகலாம் என்று கண்டுபிடித்தாள். இதெல்லாம் முடிய வெட்டுக்கு ஒரே ஒரு நாள் மிச்சமிருந்தது.

வியாழக்கிழமை காலை, தரைக்காற்று கிழக்கே போகிற நேரம் பார்த்து இறங்கினாள். உப்பு மூட்டை கட்டுகிற நைலான் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டாள், நைலானில் உப்பு ஒட்டாது. ஊரே கரையில் நின்றது. மணல்மேட்டில் வெட்டுகிற இயந்திரம் ஏற்கெனவே வந்து நின்றது. மாரிச்செல்வி அம்மாவின் முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள், புருவத்தில், இமையில், காது மடலில்.

பெருவிரல்களுக்கு நடுவில் அம்பாரம் சிறிதாகிக்கொண்டே போனது. வீட்டளவு இருந்தது, பானையளவாகி, பிறகு ஒரு உப்புக் கல்லாகி மினுங்கியது. கரைச் சத்தம் நின்றது. வெயில் ஏறியது, உதடு வெடித்தது, கை கடுத்தது, எவ்வளவு தூரம் போனாள் என்று தெரியவில்லை, திரும்பிப் பார்த்தால் உடம்பு புரண்டுவிடும், பார்க்காமலே பலகையைப் போட்டாள், இன்னொன்று, இன்னொன்று என்று போட்டாள், இத்தனை வருஷம் எத்தனை ஆயிரம் கூடை சுமந்தாளோ அத்தனையும் இந்த ஒரு நடைக்குப் பழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டு போட்டாள். அப்போது அவள் தலை எதிலோ டணங்கென்று முட்டியது. தங்கப்பழத்தின் தலை.

தள்ளிப் பார்த்தாள், இருந்த இடத்திலேயே திரும்பினான், நகரவில்லை. கையைக் கீழே விட்டுத் தடவினாள். அவன் முதுகிலிருந்து ஏரியின் தரைவரை ஒரு உப்புத் தண்டு வேர் மாதிரி இறங்கியிருந்தது. கலக்காமல் விட்ட தண்ணீரில் உப்பு பாறையாகும் என்பது உவர்விளையின் முதல் பாடம், அதற்காகவே தினமும் பாத்தியை மிதித்து உடைக்கிறார்கள். அசையாமல் கிடந்த மனுஷனுக்கு அடியிலும் அது விளைந்திருக்கும் என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லையே. அவன் காதைப் பார்த்தாள். இரண்டு காதும் உப்புக் கட்டி அடைத்துப் பளிங்கு மாதிரி இருந்தன. உப்பு விளைவிக்கிற ஊர், காதில் உப்பு விளைந்தவனை நோக்கிப் பதினோரு வருஷம் கத்தியிருக்கிறது, மேளம் வேறு அடித்திருக்கிறது. அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

கொண்டை ஊசியை உருவி, மெதுவாக, பிள்ளைக்குச் சுரண்டுவதுபோலச் சுரண்டி எடுத்தாள். ஒரு காது. மறு காது. பிறகு காதோரம் முகத்தைக் கொண்டுபோய், "ஏங்க" என்றாள்.

இமையில் இருந்த உப்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. கண்ணைத் திறந்தான். "நீ எதுக்கு பேச்சி வந்த? இந்தா கெளம்பிட்டேன்" என்றான். சட்டைப்பையைத் தடவினான், சீட்டு உப்புக் கண்ணாடிக்குள் எழுத்து மாறாமல் இருந்தது. "கடைய அடைச்சிருப்பானோ?"

பதினோரு வருஷமாகச் சேர்த்துவைத்த அத்தனை வார்த்தையும் அவள் நாக்குவரை வந்தன. "அடைச்சிட்டான்" என்று மட்டும் சொன்னாள்.

பலகையின் விளிம்பால் தண்டை இடித்தாள். பாத்தியில் இடிக்கிற அதே இடி. ஏழாவது இடியில் உடைந்தது, தங்கப்பழம் லேசாகி ஆடினான். இனி கடல்காற்று எழும்ப வேண்டும், எழும்பினால் இரண்டு பேரையும் அதுவே மேற்கே தள்ளிக்கொண்டு போகும். அதற்கு உச்சி சாய வேண்டும். கயிற்றால் அவனைத் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"அதுவரைக்கும் செத்த நேரம் கெட பேச்சி. சொகமா இருக்கு பாரு" என்றான்.

கிடந்தாள். கால் எட்டும் தண்ணீரில் பயந்து பயந்து பழகியபோது தெரியாதது இப்போது தெரிந்தது. கழுத்தில் பாரம் இல்லை. எட்டு வயதில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியதிலிருந்து இன்றுவரை அவள் தலைமேல் ஏதாவது இருந்தது, தூங்கும்போதுகூட நாளைக்கு உள்ள கூடை இருந்தது, இப்போது இல்லை. இடுப்பு இல்லை, முட்டி இல்லை, உடம்பு என்று ஒன்று இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. இவன் ஏன் எழுந்துவரவில்லை என்பது அவளுக்கு முதல்முறையாகப் புரிந்தது. புரிந்ததும் கோபம் இரண்டு மடங்காயிற்று. இத்தனை சுகத்தையும் நீ ஒருத்தனே படுத்துக்கொண்டு, என்று நினைத்தாள், நினைப்பு பாதியில் நின்றது, கண் சொருகியது. இமையோரத்தில் சின்னச் சின்னதாக ஏதோ முளைக்கிற சத்தம் கேட்டது, சர்க்கரை உதிர்கிற மாதிரி. நாளை வெள்ளிக்கிழமை என்பது யாரோ யாருக்கோ சொன்ன சேதியாகத் தூரமாகப் போனது.

குதிகால் மெழுகு வெயிலில் இளகி விட்டது. பிளவில் உப்பு ஏறியது. "அய்யோ" என்று அலறி விழித்தாள், இமையைத் தேய்த்து உதிர்த்தாள். அவள் காலும் தங்கப்பழத்தின் காலும் மேற்கே திரும்பியிருந்தன. கடல்காற்று.

"எந்திரிங்க. கெடந்தது போதும்" என்று சொல்லிப் பலகையைப் போட்டாள்.

கரையில் இருந்தவர்களுக்கு முதலில் ஏரி காலியாகத் தெரிந்தது, காற்று எந்தப் பக்கம் என்று கேட்க ஆளில்லாமல் ஊர் திகைத்தது. பிறகு இரண்டு தலை தெரிந்தன. தங்கப்பழம் கரையில் ஏறி, விழுந்து, எழுந்து, பிடித்துக்கொள்ள ஆள் தேடினான். சனிக்கிழமைக் காரியத்துக்கு வாங்கிவைத்திருந்த கோடி வேட்டியை அருமைநாயகம் யோசிக்காமல் அவனுக்குத் துடைத்துக்கொள்ளக் கொடுத்துவிட்டார், கொடுத்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். எதிரே நின்ற பெரிய பெண்ணைத் தங்கப்பழம் வெகுநேரம் பார்த்தான். மூக்கைக் கண்டுபிடித்தான், அது அவன் மூக்கு.

"தாயி, காய்ச்ச விட்டுட்டா?"

"விட்டுப் பதினோரு வருசமாச்சுப்பா" என்றாள் மாரிச்செல்வி. அதைக் கேட்டதும் தரையில் உட்காரப் போனவனைப் பேச்சிக்கனி தோளைப் பிடித்து நிறுத்தினாள். இடுப்பில் இருந்த கயிற்றை அவன் பக்கம் மட்டும் அவிழ்த்து, அந்த முனையை அவன் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"வெட்டு நாளைக்குக் காலையிலதான அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"காலையில எட்டு மணிக்கு" என்றார் அருமைநாயகம்.

"அப்போ பொழுது கெடக்கு."

அவள் திரும்பி ஏரிக்குள் நடந்தாள். இடுப்பளவு வந்ததும் கரையைப் பார்த்து நின்றாள்.

"எங்க பேச்சி போற?" என்று தங்கப்பழம் பதறினான்.

"அஞ்சு நிமிசம் படுத்துட்டு வாரேன். கயித்த விட்டுராதீங்க" என்றாள் பேச்சிக்கனி, சொல்லிவிட்டுப் பின்னால் சாய்ந்தாள்.

ராசக்கிளி உட்காரச் சொல்லி ஒரு சாக்கை விரித்தாள். அவன் அதைப் பார்க்கவும் இல்லை. வெயில் தாழ்ந்தது, ஊர் ஒவ்வொருவராகக் கலைந்தது, உப்பு மேடெல்லாம் சிவந்தன. தங்கப்பழம் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவள் கூப்பிடுகிறவரை நின்றுகொண்டே இருந்தான்.